தாய்மாமன் சீரில் வந்த நண்டு

கிருஷாந்தி என்ற பெயரை ஜீவராணி முதன்முதலாகக் கேட்டது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில். சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, அவள் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பியான அழகுமுத்து உடப்புசல்லாவையிலிருந்து வந்த கையோடு அங்கேயே நின்று சேதியைச் சொன்னார்.

"ஒன் கொழுந்தனுக்குப் பொண்ணு பாத்தாச்சு தாயி. பேரு கிருஷாந்தி."

வரிசையில் பின்னால் நின்றவள் சும்மா இருப்பாளா? "கூப்புடுறதுக்கு முன்னால ஒரு மொடக்கு தண்ணி குடிச்சிக்கணும் போல இருக்கே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏலெவல் முடிச்ச புள்ள. வாய் கம்மி" என்றார் அழகுமுத்து.

ஜீவராணிக்கு அந்த இரண்டாவது பேச்சுத்தான் மனதில் தைத்தது. ஓரகத்தியாக வரப்போகிறவள் படித்தவள், அதிலும் வாய் கம்மி என்றால் ஒன்று நல்ல மனசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைக்கனமாக இருக்க வேண்டும். எதுவென்று அறிய எத்தனை வருசம் ஆகுமோ என்று நினைத்துக்கொண்டே நிறுவையைக் கேட்காமல் வந்துவிட்டாள்.

கிருஷாந்தியின் அப்பா தேயிலை பெக்டரியில் வேலை பார்த்தவர். அம்மா, பிள்ளைக்குப் பால்பல் விழும் முன்னரே குவைத்துக்குப் போய்விட்டாள். பிள்ளையைச் சித்தி எடுத்துக்கொண்டாள். அந்தச் சித்தியின் புருசன் இந்த அழகுமுத்துவுக்குச் சகலை. அந்த வழியில்தான் சம்பந்தமே வந்தது. சித்தி குறை வைக்கவில்லை. ஆனாலும் இன்னொருத்தர் வீட்டில் வளர்கிற பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் யாரோ அளவு பார்க்காமல் கொடுத்ததாகத்தானே இருக்கும். பாவாடை பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்வாள், சட்டை சின்னதாக இருந்தால் பக்கத்தில் துண்டு வைத்து ஒட்டுப்போடுவாள். அடுத்த திருவிழாவுக்குக் கொடுத்தவரின் கண்முன்னால் அதையே போட்டுக்கொண்டு போய் நிற்பாள். கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபிறகு, பேச்சோடு பேச்சாக இதையெல்லாம் ஒருநாள் சித்திதான் ஜீவராணியிடம் சொன்னாள்.

ராகலைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது அவர்கள் வீடு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு காம்பராவை ஒன்றாக்கி, நடுவில் இருந்த கருங்கல் சுவரை உடைத்து வாசல் வைத்து, பின்னால் தகரம் போட்டு இறக்கிய வீடு. ஒரு பக்கம் ஜீவராணியும் அவள் புருசன் ஜெயகாந்தனும், மகள் தக்ஷிகாவும் சின்னவன்கள் இரண்டு பேரும். மறுபக்கம் கிருஷாந்தியும் மரக்கறி லொறி ஓட்டுகிற கோகுலராஜும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக மாமியார் நாகலெட்சுமி. காலையில் குரல் கொடுத்தால் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று தெரியாத வீடு.

கிருஷாந்தி பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போன வருசம் ஒரு நல்ல வேலை கூடி வந்தது. அவுஸ்திரேலியாவில் இருக்கிற நம் ஆட்களின் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் படிப்பிப்பது. அங்கே பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் இங்கே மதியம். வேலை கொடுத்த அம்மா சோதித்துப் பார்த்தபோது கிருஷாந்தி டவர் தெரிகிற முன் ஜன்னலில் போனைச் சாத்தி வைத்துப் பேசினாள். அந்த ஜன்னலை விட்டால் வீட்டில் வேறெங்கும் சிக்னல் இழுக்காது. நடுவில் மாமியார் அதே போனின் டேட்டாவைத் தன் போனில் வாங்கி நாடகம் பார்க்க, பக்கத்தில் சின்னவன்கள் கத்த, பாடம் அறுந்து அறுந்து போனது. "வீட்டுல ஒழுங்கான லைன் எடுத்துக்குங்க, அடுத்த மாசத்தில இருந்து ஆரம்பிக்கலாம்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள். எடுக்க முடியாவிட்டால் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் வீடு பார்த்துப் போய்விடலாம் என்று கோகுலராஜ் பேச ஆரம்பித்தான். மாமியார் அன்றைக்குச் சோறு இறங்காமல் எழுந்தாள்.

அந்த நேரத்தில்தான் தக்ஷிகா பெரிய பிள்ளையானாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் வந்தது.

தாய்மாமன் தங்கவேலு, ஜீவராணிக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன். கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் சமையல். நல்ல மனிதர், ஆனால் ரோசக்காரர். ஜீவராணிக்கு அக்கா, அண்ணனுக்கு இளையவள், வலப்பனைப் பக்கம் வாக்கப்பட்டவள். அவள் மகளுக்கு இதே தங்கவேலு சீர் கொண்டுபோனபோது, சம்பந்தி வீட்டுக்காரி ஒருத்தி பட்டுச்சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சரிகை வெளுத்தாப்புல இருக்கே" என்றாள். அவ்வளவுதான். தாம்பாளத்தை இறக்கி வைத்தவர் கை நனைக்காமல் திரும்பினார். அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசற்படி ஏறவில்லை. அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்வது இழவு வீடுகளில் மட்டும்தான்.

ஆகவே தப்பு முழங்கத் தட்டுகள் வரிசையாக உள்ளே வந்தபோது ஜீவராணி தெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பட்டு வந்தது, வளையல் வந்தது, பழம் வந்தது, கேக் வந்தது. கடைசித் தட்டில் ஆப்பிளுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஆறு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி இது, நண்டு மாதிரி?" என்றாள் நாகலெட்சுமி.

"ரவுட்டர் அத்தே, ரவுட்டர்! வைஃபை பெட்டி. எங்க மொதலாளி வீட்டுல இதேதான். மூணு மாடிக்கும் புடிக்குது. நம்ம புள்ள படிக்கணும். கிருஷாந்தி தங்கச்சி வேலையும் நடக்கணும். இருக்கறதுலயே நல்லது எதுன்னு கேட்டு வாங்கியாந்தேன்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. சீரில் இப்படி ஒன்று அந்தத் தோட்டத்தில் அதுவரை வந்ததில்லை. தங்கவேலு பெட்டியைக் கரண்டில் செருகினார். பச்சை விளக்குகள் எரிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லார் போனிலும் பெட்டியின் பேர் வந்தது. ஆனால் ஒன்றும் ஓடவில்லை. "புது எடம், கொஞ்சம் பழகணும்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் அதை நம்பிச் சாப்பிடப் போனார்கள்.

கிருஷாந்தி மட்டும் போகவில்லை. பெட்டியை மெல்லத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு முன்போலவே வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்த தங்கவேலுவிடம் போய், "நல்ல பெட்டிண்ணே. இதுக்கு ஒரு லைன் எடுக்கணும், எடுத்துருவோம்" என்றாள். தங்கவேலுவின் முகம் மலர்ந்தது. மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணன் கொழும்புக்குத் திரும்பியதும் ஜெயகாந்தன் பெட்டியைத் தன் திரீவீலரில் வைத்து ராகலைக் கடைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒங்கண்ணன் கொண்டாந்த நண்டுக்கு வாயே இல்ல ராணி! சிம் போடுற எடமே கெடையாதாம். கேபிள் வர்ற வீட்டுக்குத்தான் இது சரியாம். நம்ம மலைக்கு எந்தக் கேபிள் வருது? கடையில எல்லாரும் சிரிக்கிறானுக."

ஜீவராணி அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிப் பத்திரமாக வைத்தாள்.

"குடுத்துட்டு வேற ஒண்ணு மாத்திக்கிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டாள் நாகலெட்சுமி.

"சீரை மாத்துறதா மாமி?" என்றாள் ஜீவராணி.

நாகலெட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாய்மாமன் தட்டில் வந்ததை மாற்றுவதும் தாய்மாமனையே மாற்றுவதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியாதா?

"அப்ப அலுமாரிக்கு மேல தூக்கி வச்சிட்டு வேற வாங்குவோம்" என்றான் கோகுலராஜ்.

தீபாவளிக்கு அண்ணன் வருவார். உள்ளே நுழைந்ததும் அவர் கண் அந்த நண்டைத்தான் தேடும். அது அலுமாரி மேலே தூசி படிந்து கிடந்தால், வலப்பனை அக்காவுக்கு நடந்ததுதான் தனக்கும். ஜீவராணி இதை யாரிடமும் சொல்லவில்லை, அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். வேறு பெட்டி வேண்டாமென்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. கிருஷாந்தியின் வேலை போனால் வீடு இரண்டாகப் பிரிந்து பாதி வத்தளைக்குப் போய்விடும்.

கிருஷாந்தி அடுப்படிக்கு வந்தாள். "அக்கா, நாளைக்கு நாம ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டு வருவோம். ஆம்பளைங்க வேணாம்."

கடைக்காரப் பெண் மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குகிற, பற்றரி போட்டது. ஒன்று பெரிய வெள்ளைப் பெட்டி. ஒன்று பழைய மாடல், சின்னது, பார்க்கச் சோப்பு டப்பி மாதிரி.

"இது மூணுலயும் சிம் போடலாங்க. பெரிய குடும்பம்னா இந்த வெள்ளைய எடுங்க. இது ஒண்ணே போதும், வேற ஒண்ணும் வேணாம்."

கிருஷாந்தி மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பின்னால வயர் செருகுற ஓட்டை இருக்கணும். இங்க இருந்து இன்னொரு பெட்டிக்கு லைன் குடுக்கணும்."

"வெள்ளைப் பெட்டி வாங்குனா இன்னொரு பெட்டி எதுக்குங்க?"

"வீட்டுல பெருசு ஒண்ணு இருக்கு. அது சும்மா இருக்கக்கூடாது."

பற்றரிப் பெட்டியில் ஓட்டை இல்லை. சோப்பு டப்பியில் இருந்தது. அதையும் நீளமாக ஒரு வயரும் வாங்கிக்கொண்டாள். ஜீவராணிக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரியின் முன் கேட்டு ஓரகத்தியின் மதிப்பைக் குறைக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கிருஷாந்தியே சொன்னாள். சின்னப் பெட்டி டவர் தெரிகிற ஜன்னலில் இருக்கும். சிம் அதில். அங்கிருந்து வயர் போய் நடு வாசலுக்கு மேலே பலகை அடித்து வைக்கிற நண்டில் சேரும். அந்த இடத்திலிருந்து நண்டு இரண்டு பக்கத்துக்கும், அடுப்படிக்கும் கொடுக்கும்.

"அப்ப அன்னைக்குப் பின்னால திருப்பிப் பாத்தப்பவே ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்க்கா."

"ஏன் சொல்லல?"

"சடங்கு வீட்டுல தட்டுல இருந்து எறக்குன சாமானை நொட்டை சொல்லுவாங்களா? அண்ணன் என் பேரையும் சேத்துச் சொல்லிக் குடுத்தாரு. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. இதுவரைக்கும் எந்தச் சீர்லயும் யாரும் என் பேரைச் சொன்னதில்ல."

ஜீவராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "அந்த வெள்ளைப் பெட்டி மட்டும் வாங்கியிருந்தா போதும்தானே?" என்று கேட்டாள்.

"போதும்தான்" என்றாள் கிருஷாந்தி.

மறுநாள் ஜெயகாந்தன் கூரைக் கட்டையோடு வயரை இழுத்து ஆணி அடித்தான். "நண்டுக்குத் தொப்புள்கொடி மாட்டியாச்சு!" என்று கத்தினான். தக்ஷிகா ஒவ்வொரு மூலையாகப் போய்ப் போனைப் பிடித்துப் பார்த்து, "இங்க வருது! இங்கயும் வருது!" என்று கூவினாள். நாகலெட்சுமிக்கு அடுப்படியிலேயே நாடகம் ஓடியது. மதியப் பாடம் முடிகிறவரை மாமியாரும் சின்னவன்களும் போனைத் தொடக்கூடாது என்று ஜீவராணி சட்டம் போட்டாள். மாமியார் முணுமுணுத்தாள், ஆனால் கேட்டாள்.

முதல் பாடத்தன்று பார்த்து மழை கொட்டியது. பின் அறையின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவுஸ்திரேலியாப் பிள்ளைகள் பயந்து, என்ன டீச்சர் அது என்று கேட்டார்கள். கிருஷாந்தி கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே காட்டி, மழை என்றும் தகரம் என்றும் சொல்லிக் கொடுத்தாள். லைன் அறவில்லை. அந்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரமானது. வத்தளைப் பேச்சு நின்றது.

தீபாவளிக்குத் தங்கவேலு வந்தார். வாசலில் கால் கழுவும்போதே தலையை நீட்டி நண்டைப் பார்த்தார். பலகையில், விளக்குகள் மினுக்கிக்கொண்டு, சடங்கன்று வைத்த பொட்டு இன்னும் அழியாமல் அது இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஜீவராணி மூச்சு விட்டாள். ஆனால் மனிதருக்குக் கண் சும்மா இருக்குமா? வயரைப் பிடித்தபடியே போய் ஜன்னலில் நின்றது.

"இது என்ன, சின்னதா?"

ஜெயகாந்தன் வாயைத் திறக்கப் போனான். ஜீவராணி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நாகலெட்சுமிதான் பலகாரத் தட்டோடு வந்தாள்.

"அது பீலி தம்பி. மலையில இருந்து தண்ணி வந்து விழுறதுக்கு லயத்துக்கு ஒரு பீலி வேணுமில்ல, அது மாதிரி. ஒங்க நண்டுதான் தொட்டி. அங்க இருந்துதான் நாங்க எல்லாரும் அள்ளுறோம்."

தங்கவேலு ஜன்னலையும் நண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் பீலி இல்லாத ஊருக்குத் தொட்டி கொண்டாந்திருக்கேன்."

ஜீவராணி கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை ஜன்னலிலேயே வைத்துவிட்டாள்.

கிருஷாந்தி அவருக்கு எதிரில் வந்து நின்றாள். "தாய்மாமன் தொட்டி குடுத்தா, பீலி வைக்கிறது வீட்டுக்காரங்க வேலைதானேண்ணே? நீங்க அதையும் செஞ்சிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்?"

தங்கவேலு அவளைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "மொதலாளி வீட்டுல நண்டுக்குப் பின்னால இன்னொரு வயர் போறதைப் பாத்தேன் தங்கச்சி. ரெண்டு கரண்டு குடிக்குது போலன்னு நெனச்சேன்!" என்று சொல்லி, முதலில் அவரே சிரித்தார். அவர் சிரித்த பிறகு ஜெயகாந்தனை யாராலும் பிடிக்க முடியவில்லை. "ரெண்டு கரண்டு, ரெண்டு கரண்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "போதும் மச்சான், முறுக்கு தொண்டையில சிக்கிக்கப் போகுது" என்று தங்கவேலு அவன் முதுகில் தட்டினார். சாப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் இருந்துதான் போனார். போகும்போது தக்ஷிகாவுக்குச் சட்டைத் துணி கொடுத்தார். கிருஷாந்திக்கும் ஒரு சேலை கொடுத்தார். அது அவளுக்குப் பிடிக்காத மஞ்சள் நிறம். பொங்கலுக்கு அதைத்தான் கட்டினாள்.

கிருஷாந்தி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மதியத்தில் பின் அறையில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பாடம் நடத்துகிறாள்.