சுட்டால் துப்பாக்கி ஆகிவிடும்

அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறப்பதற்கு முன் லீலண்ட் ப்ரூயிட் மூச்சை அடக்கிக்கொள்வார். மனித மூச்சில் ஈரம் இருக்கிறது; ஈரம் பட்டால் தங்க முலாம் புள்ளி விழும். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குக் கிளம்பும் முன், வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டு, ஒட்டக ரோமத் தூரிகையால் ஒவ்வொரு துப்பாக்கியையும் தடவி, கதவை மூடிய பிறகுதான் 'ஹப்பா' என்று மூச்சு விடுவார். முகம் சிவந்திருக்கும். அத்தை நாடீன் அடுப்படியிலிருந்து கத்துவாள்: "உயிரோட இருக்கியா? இல்ல நான் மட்டும் பிரசங்கத்துக்குப் போகவா?"

லீலண்ட் என் அம்மாவின் அண்ணன். ஒஹாயோ ஆற்றங்கரையில், டன்லப் ஃபெரி என்ற எங்கள் ஊரில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். வாரத்தில் ஆறு நாள் முழங்கை வரை கரி. வாடிக்கையாளர்களைக் குழந்தைகளைத் திட்டுவது போலத் திட்டுவார். "வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணுங்கம்மா! சும்மா போட்டு வச்சா எண்ணெய் கெட்டிச்சுப் போயிடும்னு எத்தனை வாட்டி சொல்றது?" ஏழாம் நாள் அந்தக் கை வெள்ளைக் கையுறைக்குள் போகும்.

வரவேற்பறையின் ஒரு சுவர் முழுக்க நினைவுத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் ஒரு போரை, ஒரு படையை, ஒரு வெற்றியைக் கௌரவிக்க விசேஷமாகச் செய்யப்பட்டது. குழலில் தங்கத்தால் போர்க்காட்சி. மரக்கட்டையில் கழுகு. கூடவே கையெழுத்திட்ட சான்றிதழ். எதிரியின் கடற்கரையில் இறங்கியவர்களுக்கு ஒன்று, வானத்திலிருந்து குதித்தவர்களுக்கு ஒன்று. பெரிய போர்கள் தீர்ந்ததும், இவற்றைச் செய்து விற்கும் நிறுவனம் சின்னவற்றுக்கு இறங்கியது. படைச் சமையல்காரர்களுக்கு ஒரு சுழல்துப்பாக்கி வந்தது; பிடியில் தங்கக் கரண்டி. படைப் பாதிரியார்களுக்கு வந்ததில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற வசனம் இல்லை. ஆனால் புறா இருந்தது.

"உலகத்திலேயே ஐந்நூறுதான் செஞ்சாங்க" என்பார் மாமா, விருந்தாளியின் தோளைப் பிடித்து நிறுத்தி.

"அந்த ஐந்நூறும் வித்துப்போச்சாமா?" என்பாள் அத்தை. "உலகத்துல மிச்ச நானூத்தித் தொண்ணூத்தொன்பது பொண்டாட்டிங்களையும் ஒருநாள் பார்க்கணும் எனக்கு."

நான் சுற்றிவந்த ஊர்களில் புனிதர்களின் எலும்பைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். அங்கேயும் தள்ளி நில் என்பார்கள், தொடாதே என்பார்கள். ஆனால் அந்த எலும்பு வந்த அட்டைப்பெட்டியை யாரும் பரணில் பாதுகாத்து நான் பார்க்கவில்லை. மாமா பாதுகாக்கிறார். துப்பாக்கியின் மரப்பெட்டி, அதைச் சுற்றி வந்த அட்டைப்பெட்டி, அந்த அட்டைப்பெட்டியைச் சுற்றி வந்த இன்னொரு அட்டைப்பெட்டி. எல்லாம் இருந்தால்தான் 'முழுசு'.

போன வருடம் மாவட்டத் திடலில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வியாபாரி, தொப்பியில் கோழி இறகு செருகியவர், மாமாவின் சுழல்துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து, மாமா கொடுத்து வாங்கிய விலையில் பாதியைச் சொன்னார். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆளுக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவு கட்டினார். அவ்வளவுதான்.

"இது சுட்டதா?" என்று கேட்டார் வியாபாரி.

"என்ன கேள்வி இது? தோட்டா உருளையைக்கூட ஒரு சுத்து சுத்தினதில்ல. சுத்தினா கோடு விழும்."

"நல்லது. ஒரு தடவை சுட்டீங்கன்னாகூட அப்புறம் இது வெறும் துப்பாக்கி ஆயிடும்."

மாமா தலையாட்டினார், வேதவாக்கைக் கேட்டவர் போல.

மான் வேட்டைக்கு அவர் எடுத்துப் போவது வேறு. பிடியில் கறுப்பு டேப் சுற்றிய, அவர் அப்பாவின் பழைய துப்பாக்கி. அது காரின் பின்சீட்டில் ஈரக் காலணிகளோடு கிடக்கும். அதற்கு மதிப்பில்லை, அதனால் உபயோகம் உண்டு.

மாமா படையில் இருந்ததில்லை. பத்தொன்பது வயதில் ஊர்ப் பையன்களோடு பேருந்தில் படைத்தேர்வுக்குப் போனவரை, செவிப்பறையில் ஓட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேருந்தில் அவரோடு போனவர்கள் வியட்நாம் போய்த் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் முன்னாள் படைவீரர் மன்றத்தில் மாமா 'துணை உறுப்பினர்'. வாக்கு கிடையாது, சீருடைத் தொப்பி கிடையாது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் மட்டும் அவர் பொறுப்பு. நன்றாகவே வறுப்பார்.

அங்கேதான் வம்பு பிறந்தது. எல்வுட் சாடர் என்று ஒரு பெரியவர். மாமாவோடு அந்தப் பேருந்தில் போய், போரைப் பார்த்துத் திரும்பி, பிறகு நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். மாமாவைச் சீண்டாமல் அவருக்கு மீன் இறங்காது.

"டேய் லீலண்ட், உன் தங்கக்கட்டிங்க என்னிக்காவது தும்மியாவது இருக்காடா?"

"அதெல்லாம் சுடறதுக்கில்ல எல்வுட். மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை?"

"உங்களுக்குத்தான். போனவங்களுக்கு."

"எனக்கா? எனக்குன்னா நான் சொல்றேன் கேட்டுக்கோ." எல்வுட் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் செத்தா ஏழு பேர் வரிசையா நின்னு வானத்தைப் பார்த்து மூணு தடவை சுடுவாங்கல்ல, அந்த ஏழு துப்பாக்கில ஒண்ணு உன் தங்கத் துப்பாக்கியா இருக்கணும். அந்தக் கடற்கரைத் துப்பாக்கி. மன்றத்துல இருக்கற அதே ஜாதிதானே அது? சுடணும். காட்டிட்டு உள்ள வைக்கக் கூடாது. சரியா?"

கூடம் முழுவதும் மெல்லுவதை நிறுத்தியது. மாமா கரண்டியோடு நின்றார். பிறகு, "சரி" என்றார்.

எனக்குத் தெரியும், அவர் மனதில் ஓடியது என்னவென்று. எல்வுட் தினமும் விறகு பிளக்கிறார். மாமாவுக்கு இரத்த அழுத்தம். இந்தப் பந்தயத்தில் முந்திப் போவது தான்தான் என்று அவர் உறுதியாக இருந்தார்.

பிப்ரவரியில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த எல்வுட், மண்வாரியைக் கையில் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார்.

செய்தி கேட்டு மாமா அழுதார். உண்மையாகவே அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

அடுத்த நாள் எல்வுட்டின் மனைவி பெர்னீஸ் தொலைபேசியில் அழைத்தாள். "மறக்கலையே லீலண்ட்? அவரு ஊர் பூரா சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாரு. முடிவெட்டற கடையில, பங்க்ல, எங்க போனாலும் இதே பேச்சு."

"மறப்பேனா பெர்னீஸ்? அதுக்கு... நான் என்ன யோசிச்சேன்னா, சவப்பெட்டி மேல படுக்க வச்சா எவ்வளவு கம்பீரமா இருக்கும்..."

மாமாவே, "இல்ல, இல்ல, சும்மா சொன்னேன்" என்றார்.

பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டார். நானும் அத்தையும் காபியோடு மேசையில் இருந்தோம். காது மந்தம் என்பதால் தொலைபேசி எப்போதும் ஊருக்கே கேட்கும்படிதான் பேசும்.

"வணக்கம், கௌரவ சேகரிப்பாளரே! உங்க எண் சொல்லுங்க ஐயா" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல்.

சொன்னார். "அம்மா, ஒரு சந்தேகம். குண்டே இல்லாத வெத்துத் தோட்டா. வெறும் சத்தம். அதைச் சுட்டா, சுட்டதா கணக்கா?"

"ஒரு நிமிஷம் ஐயா." படைவாத்திய இசை ஒலித்தது. மாமா அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "ஐயா, சுட்டதா கணக்குதான். 'சுடப்படாதது'ங்கற வகையிலேருந்து போயிடும். மதிப்புக்கு நாங்க பொறுப்பில்ல."

"மூணே தடவைம்மா. செத்துப்போனவருக்கு மரியாதை."

"எங்க ஆழ்ந்த அனுதாபங்கள் ஐயா. நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. இறுதி மரியாதை செய்யறவங்களைக் கௌரவிக்கன்னே இந்த மாசம் ஒரு துப்பாக்கி வெளியிட்டிருக்கோம். குழல்ல மடிச்ச கொடி, தங்கத்துல. முந்நூறே முந்நூறு."

மாமாவின் கண்ணில் ஒளி வந்தது. "அதைச் சுடலாமா?"

"ஐயோ, கூடாது ஐயா."

அத்தை காபிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் வெடிபோல இருந்தது. "லீலண்ட், வச்சிடு ஃபோனை. இப்பவே."

வைத்தார். "நாடீன், உனக்குப் புரியாது. ஊர்ல சுடாத துப்பாக்கி வேற எங்க இருக்கு? எல்லாரும் சுட்டாச்சு. நான் ஒருத்தன்தான் பத்திரமா வச்சிருக்கேன்."

"எதைப் பத்திரமா?" என்றாள் அத்தை. அதற்கு அவரிடம் பதில் இருந்திருக்கும். சான்றிதழில் எங்காவது அச்சாகியிருக்கும்.

அடக்கத்தன்று மழையும் பனியும் கலந்து தூறியது. மாமா வெள்ளைக் கையுறை போட்டு, வாதுமை மரப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைத் தூக்கி வருவது போலக் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்தார். மரியாதைக் குழுவின் தலைவி டார்லீன் மக்காஸ்கி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வளைகுடாப் போரில் டாங்கர் லாரி ஓட்டியவள்.

"டார்லீன், வெறுங்கையால தொடாதே, சரியா?"

"நாங்களும் வெள்ளைக் கையுறைதான் லீலண்ட். கண்ணைத் திறந்து பாரு." அவள் தங்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். "அம்மாடி, இது கனமா இருக்கா, இல்ல எனக்கு வயசாயிடுச்சா?"

ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள். ஆறு துப்பாக்கிகள் கறுப்பு, ஒன்று திருவிழா. டார்லீன் உத்தரவு கொடுத்தாள். ஆறு பேர் பக்கவாட்டுப் பிடியை இழுத்துத் தோட்டாவை ஏற்றினார்கள். டார்லீன் இழுத்தாள். பிடி அசையவில்லை. மறுபடி இழுத்தாள். முப்பது வருடத்துக்கு முன் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் உள்ளே அரக்காக இறுகிப்போயிருந்தது. தனக்காக நிறுத்த முறையில்லை என்று அவளே 'சுடு' என்றாள். ஆறு வெடிகள் ஒன்றாகக் கேட்டன. மரத்திலிருந்து காக்கைகள் எழுந்தன.

"பசை வச்சு ஒட்டிட்டான்டா" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். வேறு யாரோ அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டு இருமினார்கள்.

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது நிம்மதி. பொய்யில்லாத, குழந்தைத்தனமான நிம்மதி. அவர் வாக்கை அவர் மீறவில்லை, துப்பாக்கி மீறியது. யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. முன்வரிசை நாற்காலியில் பெர்னீஸ் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. இவரிடம் இதற்கு மேல் எதிர்பார்த்தது என் தப்பு என்பது போல ஒரு பார்வை. திரும்பிக்கொண்டாள்.

மாமா நடக்க ஆரம்பித்தார். படையில் இல்லாதவர் அந்த வரிசைக்குள் போகக் கூடாது. போனார். டார்லீன் கையிலிருந்து அதை வாங்கினார். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். துப்பாக்கியின் அடிக்கட்டையைச் சேற்றில் ஊன்றி, பிடியில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். கடையில், பிடித்துக்கொண்ட இயந்திரத்தை அடிப்பாரே, அந்த அடி. இன்னொன்று. மரக்கட்டையின் கழுகு கழுத்தளவு சேற்றில் இறங்கியது. இன்னொன்று. கிறீச்சென்ற சத்தத்தோடு பிடி நகர்ந்தது. தங்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு.

"ஒழுங்கு போச்சு லீலண்ட்" என்றாள் டார்லீன், உதடு அசையாமல். "சீக்கிரம் கொடு."

இரண்டாம் முறை ஏழு வெடித்தது. டார்லீன் பிடியை இழுத்த ஒவ்வொரு தடவையும் மாமாவின் தோள் தனியாக ஒருமுறை குலுங்கியது. மூன்றாம் முறையும் ஏழு. ஊதுகுழல் முடிந்து, கொடியை மடித்துப் பெர்னீஸின் மடியில் வைத்தார்கள்.

கூட்டம் கலையும்போது கண்காட்சியில் பார்த்த அந்த இறகுத் தொப்பிக்காரர் மாமாவின் அருகே வந்தார். எல்வுட்டுக்குத் தூரத்து உறவாம். துப்பாக்கியை மேலும் கீழும் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "அடப்பாவமே. போச்சே."

"ஆமா, போயிட்டாரு. நல்ல மனுஷன்" என்றார் மாமா.

திரும்பும்போது அத்தைதான் கார் ஓட்டினாள். துப்பாக்கியைப் பெட்டியில் வைக்க மாமா சம்மதிக்கவில்லை. உள்ளே வெல்வெட் அழுக்காகிவிடுமாம். மடியில் குறுக்கே வைத்திருந்தார். சேறும் கரியுமாக. பாலத்தருகே சிவப்பு விளக்கில் நின்றோம். மாமா குழலின் நுனியில் படிந்த வெடிமருந்துக் கரியில் விரலை மெதுவாக ஓட்டினார். பிறகு அந்தக் கையை முகத்துக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை உள்ளே இழுத்தார்.

விளக்கு பச்சையானது. அத்தை வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஒலி எழுப்பினார்கள். மாமா மூச்சை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்.