ஏழு குரலும் ஒரு ரிடிமும்

ஊரை விட்டு வந்து நான் குடியேறிய மில்லிக்கனில், பிளாசா எனப்படும் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம் என் ஸ்ரூடியோ. பக்திப் பாடல்களையும் கலியாண வீடியோப் பாட்டுகளையும் மிக்ஸ் செய்துகொண்டிருந்தவனுக்கு முதன்முதலாக ஒரு டான்ஸ்ஹோல் தொகுப்பு வந்தது. கொண்டுவந்தவர் தர்ஷன், இங்கே பிறந்த இசைத் தயாரிப்பாளர். "அண்ணை, இது சரிவந்தா அடுத்த அல்பங்களும் உங்களிட்டத்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டான்ஸ்ஹோல் ஜமேக்க ஆட்ட இசை. அதில் ரிடிம் என்பது ட்ரம்ஸும், கீழே உறுமும் பேஸும் சேர்ந்த ஒரு பின்னணி இசை. அந்த ஒன்றின் மேல் ஏழு பேர் ஏழு தனிப்பாட்டுகள் பாடியிருந்தார்கள். பின்னணி ஒன்றே என்பதால் யாருடைய குரல் எடுபடுகிறது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஒரு கலியாண வீட்டுக்கு ஏழு பேர் ஒரே சேலையில் வந்தால் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது.

அந்த ஏழு பேரில் முதலில் எனக்குப் போன் எடுத்தவன் அன்ரன். "அண்ணை, என்ர குரலை ஒரு துளி ஏத்திவிடுங்கோ. மற்றவைக்குச் சொல்லாதேங்கோ."

ஏற்றினேன். அடுத்தவர் எடுத்தார், அவருக்கும் அதே ரகசியம். இப்படி ஆறு பேருக்கும் ஏற்றினேன். போன் எடுக்காதவர் மார்சியா மட்டும்தான். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ரெக்ஸ்டேலில் இருந்து வந்து பாடிவிட்டு, பஸ் ஓட்டும் வேலைக்கு ஓடிப்போனவர்.

தர்ஷன் கேட்க வந்தார். முதல் பாட்டைப் போட்டேன்.

"பேஸ் எங்கை அண்ணை?"

குரலை ஏற்ற ஏற்ற பேஸ் அமுங்கும். தெரிந்த விஷயம்தான். ஆனால் என் வாய் முந்திக்கொண்டது: "ஸ்பீக்கர் வயர் லூஸ் போல."

சொன்னதோடு மேசைக்கடியில் புகுந்தேன். வயரில் ஒரு குறையும் இல்லை. குறை நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தது. மேலே தர்ஷன் அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு என்று போட்டுக்கொண்டே போனார்.

"வயர் சரியா?"

"பாக்கிறன், பாக்கிறன்."

'முருகா, இனி உன்ர பாட்டைத் தவிர வேற ஒண்டையும் தொடமாட்டன்' என்று வேண்டும்போது, முழங்காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. மார்சியாவின் பாட்டு. பேஸ் உருண்டு வந்தது. அதன் மேல் அவருடைய குரல் அவசரமில்லாமல் நடந்தது. முடிந்ததும் தர்ஷன் அதையே திரும்பவும் போட்டார்.

"வெளியில வாங்கோ அண்ணை. உதுக்கு என்ன செய்தனீங்கள்?"

பொய் சொல்ல மூச்சு இல்லை. "ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப மற்ற ஆறுக்கும் அதையே செய்யுங்கோ."

ஏற்றியதையெல்லாம் இறக்கினேன். தொகுப்பில் மார்சியாவின் பாட்டு முதலாவதாக வந்தது. வெளியான அன்றே அன்ரன் போன் எடுத்தான்: "இப்பதான் அண்ணை என்ர குரல் வடிவாக் கேக்குது." தர்ஷனின் அடுத்த ரிடிம் இப்போது என் மேசையில்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: பாடகர் தன் குரலை ஏற்றச் சொன்னால், அது தனக்குக் கேட்கவில்லை என்று சொல்கிறார். முதலில் குரலைச் சுற்றி இடம் விடுங்கள். அதற்குப் பிறகும் கை துறுதுறுத்தால், கையைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.