ஜெயில் வாசலுக்கு நான் போகாத நாள்

ஈப்போ பக்கத்தில் உள்ள எங்கள் புந்தோங் சபையாருக்கு இது தெரிந்த கதை. மற்ற ஊர்களிலிருந்து வந்திருக்கிற சகோதர சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறைத்து வைத்தால் கர்த்தர் செய்த உதவியையும் சேர்த்து மறைத்தவனாவேன்.

என் பெயர் யோசேப்பு. தையற்காரன், இங்கேயே கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே தம்பி, தாவீது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவனும் அவன் மனைவி மரியாளும் பால் வெட்டினார்கள். ரப்பர் விலை அடியோடு விழுந்த வருஷம் அது. ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பயந்து பயந்து வேலை செய்த காலம். ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற நேரத்தில், மரியாள் தாமதமாக வந்தாள் என்று கங்காணி அவளைக் கன்னத்தில் அறைந்தான். தாவீது கையிலிருந்த பால் வாளியால் கங்காணியின் முகத்தில் அடித்துவிட்டான். கங்காணிக்கு ஒரு கண் போய்விட்டது.

தம்பிக்கு ஜெயில் தண்டனை கிடைத்தது. கோர்ட்டு வாசலில் விலங்கோடு நின்று என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணே, மரியாளப் பாத்துக்க."

"பாத்துக்கிறேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை.

தோட்டத்தில் அவளை லயத்து வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு துணி மூட்டையோடு, கடைக்குப் பின்கட்டில் இருந்த என் வீட்டுக்கு வந்தாள். அப்போதுதான் என்னைச் சபையில் மூப்பராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜெயில்காரன் பெண்டாட்டி வீட்டில் இருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் கவலை. எட்டு நாள் வைத்திருந்தேன். பிறகு, தெலுக் ஆன்சன் பக்கம் அவளுக்குத் தூரத்துச் சொந்தம் இருப்பதைச் சாக்காக வைத்து ரயில் ஏற்றிவிட்டேன். அவள் அழவில்லை. "அவரு வந்தா நான் எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிருங்க மச்சான்" என்றாள். அங்கே ஒரு தோட்டத்தில் புல் வெட்டப் போனாள். ஐந்தாம் மாதம் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. ஜெயிலில் இருக்கிறவனுக்கு நான் அதைச் சொல்லி அனுப்பவில்லை. ஒருமுறைகூட அவனைப் போய்ப் பார்க்கவும் இல்லை.

அவனை விட்ட அன்று பத்து காஜா ஜெயிலிலிருந்து ஈப்போவில் என் கடை வரை நடந்தே வந்தான். கடையில் ஒரு பெரிய மனிதருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மொட்டை அடித்த தலையோடு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் என்னைத் தேடவில்லை. அவளைத் தேடினான்.

"மரியாள் பின்னால இருக்காளாண்ணே?"

நான் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போய்ச் சந்தில் வைத்து அவள் இறந்துபோனதைச் சொன்னேன். அப்படியே சுவரில் சாய்ந்தான். நானோ கடையில் நிற்கும் பெரிய மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தேன். "இப்ப இங்க நிக்காத தாவீது. ஆளுங்க வந்து போற எடம். ஒரு மாசம் கழிச்சு வா" என்று சொல்லி, தைத்து வைத்திருந்த ஒரு சட்டையைக் கையில் கொடுத்தேன். சட்டையை ஒழுங்காக மடித்து என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் பட்டதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. எந்தத் தோட்டத்தில் பெயர் பதியப் போனாலும், "முன்ன எங்க வேல செஞ்ச?" என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் துரத்தினார்கள். பொய் சொன்னால் நாலாம் நாள் கண்டுபிடித்துத் துரத்தினார்கள். ஈயச் சுரங்கத்திலும் நிற்கவிடவில்லை. அவனை வா என்று கூப்பிட்டவர்கள் திருடர்கள் மட்டும்தான். அவர்களோடு சேர்ந்து ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து ஷீட்டுகளைத் தூக்கப் போய் அகப்பட்டான். இரண்டாம் முறை உள்ளே போனான். அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பெரிய வெள்ளம் வந்த வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜெயில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் வேலை பார்க்கும் ஒரு தமிழர் கால்சட்டை தைக்க வந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க ஜாடையில ஒருத்தன் உள்ள கெடக்கான்லா. காய்ச்சல். மருந்து குடுத்தா துப்புறான், கஞ்சி குடுத்தா தொட மாட்டேங்கிறான். ஏன்டான்னு கேட்டா, வெளிய போயி யாருகிட்ட போறதுங்கிறான். ஒங்களுக்குச் சொந்தமா?"

"எனக்குத் தம்பி கெடையாது" என்றேன்.

அவர் தம்பி என்று சொல்லவே இல்லை. சொந்தமா என்றுதான் கேட்டார். என் வாய் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர் துணியை வைத்துவிட்டுப் போனார்.

கடைக் கதவைச் சாத்தினேன். வெட்டுத் துணிகளுக்கு நடுவே முழங்காலில் விழுந்தேன். அழகாக ஜெபிக்கத் தெரிந்தவன் நான். அன்று அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, அவன் செத்துப்போகக் கூடாது. என் மானம் போனாலும் பரவாயில்லை" என்றேன். அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மறு ஞாயிறு சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். மரியாளைப் பற்றியும் சொன்னேன். இரண்டு குடும்பத்தார் எழுந்து வெளியே போனார்கள். பிறகு, சந்தையில் ஆப்பம் விற்கும் சாராள் அக்கா எழுந்தார்.

"எம்மவன் தைப்பிங் ஜெயில்ல இருக்கான். ஊருக்குப் போயிருக்கான்னுதான் நாலு வருஷமா ஒங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன். தம்பி, நீ போறப்ப நானும் வாரேன். அங்க பாத்துட்டு, எம்மவன்கிட்டயும் போலாம்" என்றார்.

டிரெசரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரே மனு எழுதி அனுமதி வாங்கிக் கொடுத்தார். முதல் தடவை போனபோது தாவீது சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் பேசப் பேசத் திரும்பவே இல்லை. சாராள் அக்காதான், "எய்யா, நான் யாருன்னு ஒனக்குத் தெரியாது. ஒன் வயசுல எனக்கும் ஒருத்தன் உள்ள இருக்கான். அவனும் சாப்பிடாம கெடந்தா யாராச்சும் சொல்ல மாட்டாங்களா? கொஞ்சம் கஞ்சி குடிய்யா" என்றார். அவன் தோள் குலுங்கியது. அன்று சாயங்காலம் அரைக் குவளைக் கஞ்சி குடித்தான் என்று டிரெசர் ஆள் அனுப்பிச் சொன்னார். நான் கடையில் உட்கார்ந்து கதறி அழுதேன். கர்த்தர் கேட்டுவிட்டார் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அனுமதி கிடைத்த மாதமெல்லாம் போனோம். காய்ச்சல் விட்டது. உள்ளே பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டான். விடுதலையான அன்று விடிந்ததும் விடியாததுமாக நானும் சாராள் அக்காவும் வாசலில் நின்றோம். வெளியே வந்தவன் எங்களைப் பார்த்துத் தயங்கினான். "எங்க போறது?" என்று கேட்டான். "வீட்டுக்கு" என்றேன்.

என் கடையில் பாதியை அவனுக்கு ஒதுக்கினேன். சில பழைய வாடிக்கைக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவன் பின்னிய நாற்காலியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினோம். கடைசியில் ஒரு கடையின் முதலாளி, சீனத் தவுக்கேதான், அதில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். ஆள் எங்கே இருந்தான் என்பது எனக்கு வேண்டாம், நாற்காலி ஆடவில்லை, அது போதும் என்று மலாயில் சொல்லி, இன்னும் ஆறு கேட்டார். தாவீது அன்றுதான் தலை நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தேன்.

பிறகு இருவரும் தெலுக் ஆன்சன் போனோம். மரியாளை அடக்கிய இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. புல் மண்டிய மேடுகளுக்கு நடுவே தம்பி இங்கும் அங்கும் நடந்தான். எந்த மேட்டில் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் கேட்ட ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் தந்தார். அவளுக்காக நான் ஜெபிக்கவே இல்லை. அவளைக் காப்பாற்ற ஜெபம்கூடத் தேவைப்பட்டிருக்காது. வீட்டில் ஒரு பாய் போட்டிருந்தால் போதும்.

சகோதர சகோதரிகளே, ஜெயிலுக்குப் போனவனைத் திருத்துவது சர்க்காரின் வேலை என்று நானும் சொன்னவன்தான். சர்க்கார் கதவைத் திறந்துவிடும். திறந்த கதவுக்கு வெளியே யார் நிற்பது? போய்ப் பாருங்கள். அவன் வீட்டாரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வேலை கேட்டுக் கொடுங்கள். என்னைத் தாங்கின கர்த்தர் உங்களையும் தாங்குவார், பயப்படாதீர்கள்.

வருகிற புதன்கிழமை காலை பத்து காஜாவில் ஒருவரை விடுகிறார்கள். பெயர் முனியாண்டி. நம் வேதக்காரர் இல்லை. இந்த நாட்டில் அவருக்கு யாரும் இல்லை என்று டிரெசர் சொன்னார். தாவீதும் நானும் முதல் ரயிலுக்குப் போகிறோம். எங்களோடு யார் வருகிறீர்கள்?