இரண்டு கேமராக்களும் ஓர் அலையும்

மஸ்கட்டிலிருந்து வேலையை விட்டு வந்ததும் என் கணவருக்குப் பிடித்த கிறுக்கு, பழைய ஃபிலிம் கேமரா. அவருடையது உலோக உடம்பும் கனத்த கண்ணாடி லென்ஸும் கொண்ட ஜப்பான் சாமான். மார்த்தாண்டத்தில் ஒரு பழைய சாமான் கடையில் எனக்குச் சல்லிசாக வாங்கித் தந்தது முழுக்க பிளாஸ்டிக், லென்ஸ் உட்பட. "உனக்கு இது போரும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவருடையதில் லென்ஸ் பார்ப்பதையே நாமும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் சிறு கண்ணாடி அதைக் காட்டும். என்னுடையதில் லென்ஸுக்குப் பக்கத்தில் வெறும் ஓட்டை. அதில் எல்லாமே எட்டத்தில், சின்னதாகத் தெரியும்.

ஒரு சாயங்காலம் கல்லூரியில் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனோம். வள்ளங்களைக் கரிய மணலில் வெகுதூரம் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். காற்றே இல்லை. மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று, "கள்ளக்கடல் வரும்னு சொல்லியிருக்காவ, கல்லுமேல ஏறாதிய" என்றார். காற்றில்லாமலே திடீரென்று ஏறிவரும் கடலுக்கு இங்கே அந்தப் பெயர். திரும்பிவிடலாம் என்றேன். கணவரோ, "ஒரே ஒரு படம்" என்றார்.

கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் நுனியில், கடலுக்கு முதுகு காட்டி மகள் நின்றாள். அலை புகைபோல விழ வேண்டுமாம். அதற்கு ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். ஆள் அசையக் கூடாது. முக்காலியில் பொருத்திய கேமராவில் கண்ணைப் பதித்து அவர் பொத்தானை அழுத்தினார். அழுத்தியதும் உள்கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். ஷட்டர் மூடும்வரை பார்ப்பவருக்கு வெறும் இருட்டுதான். விலை கூடிய கேமராவின் லட்சணம் அது.

என் ஓட்டையில் எல்லாம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு கோடு எழும்பியது. சின்னதுதான். கண்ணை எடுத்துப் பார்த்தேன். அவளைவிட உயரம்.

"ஏட்டி, ஓடி வா!" என்று கத்தினேன்.

"அசையாத, மக்களே, அப்படியே நில்லு!" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

அவள் நின்றாள்.

வலைக்காரர்கள் கல்லிடுக்கிலிருந்து அவளைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. வலது கால் நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவள் அப்பாவைத்தான் தேடினாள்.

"அலை வந்தத பாத்தியளா அப்பா?"

"இல்ல மக்களே. எனக்கு ஒண்ணும் தெரியல."

"அம்மா கூப்பிட்டது கேட்டுது," என்றாள். "நீங்க பாத்துட்டுதான இருக்கியன்னு நின்னேன்."