பெட்டித் தலைமாட்டில் ஒரு ஆள் இடம்

போன வாரம் ஆதார் புதுப்பிக்கப் போயிருந்தேன். கண்ணாடியில் இடதுகை விரல்களை வைக்கச் சொன்ன பெண், என் சுண்டுவிரலை மட்டும் மேலிருந்து அழுத்தினாள். "நீட்டி வைங்கக்கா." அது நீளாது. அழுத்தினால் வலிக்கும், வலித்தால் எனக்குக் கோபம் வரும். "இன்னும் அமுக்குனா ஒனக்க விரலும் இப்படி ஆயிரும், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். பாவம், பயந்து கையை எடுத்துக்கொண்டாள். அந்த விரலின் கதை தெரிந்தால் உங்களுக்கும் கோபம்தான் வரும்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பதில் குலசேகரத்தில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோஷாப் வேலை பார்த்தேன். கீழே ரப்பர் ஷீட் வாங்கும் கடை. அந்தப் புளித்த புகைவாடை படியேறி வந்து எங்கள் அறையில் உட்கார்ந்துகொள்ளும். இன்றும் எங்காவது அந்த வாடை அடித்தால் என் இடதுகை தானாகக் குவிந்து கன்ட்ரோல் கீயைத் தேடும். மவுஸைப் பிடித்து மெனுவுக்குப் போகிறவளை நாங்கள் மதிக்க மாட்டோம். எல்லாம் கீபோர்டில்தான். கன்ட்ரோல் டி அடித்தால் ஆளைச் சின்னதாக்கலாம், பெரிதாக்கலாம். எக்ஸ் அடித்தால் ஆளே இல்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அதற்கு ஏற்ற கூட்டமும் வரும். கல்யாண ஆல்பத்திலிருந்து மச்சினனை எடு, ஓடிப்போனவளை எடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வெளியே வெட்ட முடியாதவர்களை என்னிடம் கொண்டுவந்து வெட்டினார்கள். ஒரு வகையில் கூலிப்படைதான் நான்.

சேர்க்கிற வேலை சாவு வீட்டுப் படத்தில் மட்டும்தான் வரும். சவப்பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, குடும்பத்தைச் சுற்றி நிறுத்தி, முதலாளி தங்கராஜ் அண்ணன் படம் எடுப்பார். வளைகுடாவிலிருந்து வர முடியாத மகன் இருந்தால் தலைமாட்டில் ஒரு ஆள் இடம் விடச் சொல்வார். "மக்கா, கொஞ்சம் ஒதுங்கு. சவூதிக்காரன் நிக்கணும்." அவனும் அங்கிருந்து ஒரு படம் அனுப்புவான். அவனை வெட்டி எடுத்து அந்த இடத்தில் நான் நிறுத்துவேன்.

அப்படித்தான் சுனிதா வந்தாள். அப்பா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தம்பி ரெஜிக்குச் சவூதியில் லீவு கொடுக்கவில்லை. "அப்பாக்க பக்கத்துல அவன் நிக்கிய மாதிரி ஒரு படம் அவனுக்கு அனுப்பணும்க்கா. அங்க சாப்பிடாம கெடக்கான்." ரெஜி அனுப்பிய படத்தில் வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டியைப் பிடிப்பதாக நினைத்துப் பிடித்திருக்கிறான். அவனை நல்லபடியாக நிறுத்தினேன். கையைப் பெட்டி விளிம்பில் வைத்து, நிறம் சரிசெய்து, கடைசியாகக் காலடியில் நிழலும் போட்டேன்.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். அண்ணன்காரன் வில்சன். தங்கையைத் தேடி வந்தவன், திரையைப் பார்த்ததும் கத்தினான்.

"அப்பன அடிச்ச கையாக்கும் அது. பெட்டியத் தொடப்பிடாது. ஏட்டி, அவன எடுத்துக் களை!"

ரப்பர் விளை நிலத்தைப் பங்கு வைக்கும் சண்டையில் ரெஜி அப்பாவை அடித்துவிட்டுத்தான் சவூதிக்குப் போனானாம். சுனிதா விடவில்லை. "நீ அடிக்கலியா? ஒனக்க கை மட்டும் பெட்டியில இருக்கலாமா?" படத்தில் வில்சனின் கையும் பெட்டிமேல்தான் இருந்தது.

அவன் 'ஏட்டி' போட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், இசட். ஒவ்வொரு தட்டுக்கும் செய்த வேலை ஒன்று பின்னால் போகும். வேண்டுமென்றே மெதுவாகத் தட்டினேன். ரெஜியின் நிழல் போயிற்று. முகத்தின் நிறம் மாறியது. அடுத்த தட்டில் நான் சின்னதாக்கிய ஆள் பழைய அளவுக்குப் போய், பெட்டிக்கு மேல் ராட்சதன்போல் எழுந்து நின்றான். வில்சன் ஒரு அடி பின்வாங்கினான். அடுத்த தட்டில் ரெஜி இல்லை.

"அக்கா, அவனக் கொண்டு வாங்க!" சுனிதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், இசட். ராட்சதன் வந்தான், சிறுத்தான், நிறம் மாறினான். நிழல் மட்டும்தான் பாக்கி.

"என்ன, நக்கலா?" இரும்பு ஸ்டூலைத் தூக்கி என் கைமேலேயே போட்டான் வில்சன். கீபோர்டு இரண்டாகப் பிளந்தது. கன்ட்ரோல் கீயில் இருந்த விரல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் மறுபடி ஸ்டூலைத் தூக்குவதற்குள் தங்கராஜ் அண்ணன் கேமரா ஸ்டாண்டால் அவன் முதுகில் ஓங்கி அடித்தார். அருவி வரைந்த திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு விழுந்தான். ஷீட் கடை ஆட்கள் ஓடிவந்து அவன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். மூக்கில் ரத்தம் வழிய, "அப்பா, அப்பா" என்று அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

வலதுகையால் மவுஸைப் பிடித்து, மதிக்காத அந்த மெனுவுக்கே போய், சேவ் செய்துவிட்டுத்தான் நான் அழுதேன். பெரிய வீராங்கனை என்று நினைக்க வேண்டாம், அதன் பிறகு மயங்கியும் விழுந்தேன். வர்ம ஆசான் கட்டிவிட்டும் விரல் வளைந்தே கூடியது. படம் சவூதிக்குப் போயிற்று. பெட்டியருகே ரெஜிக்கு மட்டும் நிழல் இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை என்று சுனிதா சொன்னாள்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. படத்தில் ஆளை எடுக்க, சேர்க்க, போனில் விரலால் தேய்த்தால் போதும்.

சென்ற வருடம் என் அப்பா போனார். தம்பி கத்தாரில். ஒருவன் பெட்டிக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். சிக்னல் கிடைக்காமல் தம்பியின் அழுகை பாதி வாயோடு உறைந்து நின்றது. வீட்டார் படம் எடுக்கும்போது, "தலமாட்டுல தம்பிக்கு ஒரு எடம் விடுங்க" என்றேன். கேமரா வைத்திருந்த பையன் சுற்றிலும் பார்த்தான்.

"ஆளு எங்கக்கா? சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அந்த இடத்தில் சித்தப்பா மகன் வந்து நின்றுகொண்டான்.