அடியில் கீறிய பெயர்

1924-இல் லண்டன் பொருட்காட்சியில், கயிறு கட்டிய மேடையில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் வேடிக்கை பார்க்கச் சட்டி வனைந்தவர் அய்யாக்கண்ணு. அங்கே எடுத்த படத்தின் கீழே 'இந்தியக் குயவன்' என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மகன் தெய்வசிகாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சிக்கு விருத்தாசலம் பீங்கான் ஆலையிலிருந்து ஒரு குதிரை கேட்டார்கள். செய்தவர் அங்கே வேலை பார்த்த தெய்வசிகாமணி. சூளையிலிருந்து இறக்கியதும் மேனேஜர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். மெருகு பூசாத அடிப்பாகத்தில் ஒரு பெயர் கீறியிருந்தது.

"யாருய்யா அய்யாக்கண்ணு? அழிச்சிடு."

"எங்கப்பன் பேருங்க. பச்ச மண்ணுல எழுதினேன், வெந்துடுச்சு. இனிமே ஒடச்சாத்தான் அழியும். ஒடைங்க, பாப்போம்."

மேனேஜர் குதிரையை வைக்கோலில் பொதிந்தார்.

இரண்டாவது முறையாகக் கப்பலேறினார் அய்யாக்கண்ணு, இந்தத் தடவை பெயரோடு.