கறுப்புத் தண்ணீரில் ஒரு சிவப்புப் புள்ளி: மயூர் விஹார் யமுனைக் கரை வரை

யமுனைத் தண்ணீர் செங்கோட்டைச் சுவர் வரை வந்த வருடம் அது. அடுத்த மாதம் நிலாவில் நம் வண்டி இறங்கியது. அதற்கடுத்த மாதம் வெளிநாட்டுத் தலைவர்கள் வருகிறார்கள் என்று எங்கள் ஜுக்கிக் குடிசைகளை மறைத்துப் பச்சைத் துணி கட்டினார்கள். வருடம் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். எழுதப் படிக்கத் தெரியாது; கையெழுத்துக்குக் கட்டைவிரல்தான். நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவர் கிட்வாய் நகர் மீனாட்சி அம்மா. அவர் வீட்டில் என் மருமகள் சமையல் செய்கிறாள். யமுனைக் கரைக்குப் போகிறவர்களுக்கும் சேட்டிலைட் படத்தை வைத்து இடம் தேடுகிறவர்களுக்கும் உதவட்டும் என்று தன் பிளாகில் போடச் சொன்னார்.

நான் அங்கே போன காரணம் கன்னியப்பன். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒன்றாக ரயிலேறி வந்த ஐந்து சென்ட்ரிங் ஆட்களில் ஒருவன். முழங்கால் போன பிறகு மயூர் விஹார் பக்கம் ஆற்றுப் படுகையில் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் முள்ளங்கியும் போட்டான். வெள்ளம் வந்ததும் அங்கிருந்தவர்கள் எல்லாம் சாலையோரக் கூடாரங்களுக்கு வந்துவிட்டார்கள். அவன் மட்டும் ஆட்டைப் பிடிக்கத் திரும்பிப் போனானாம். பிறகு ஆளும் இல்லை, போனும் இல்லை.

மீனாட்சி அம்மாவின் மகள் வைதேகி சேட்டிலைட் படிப்பு படிக்கிறாள். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, "இங்கதான் அவர் ஜமீன், அவர் நிலம், தாத்தா," என்று காட்டினாள். ஒரே கறுப்பு.

"நல்லா உழுத மண்ணும்மா. தண்ணி ஏறல," என்றேன் சந்தோஷமாக.

மீனாட்சி அம்மாதான், "பெரியவரே, அந்தக் கறுப்பு பூரா தண்ணி," என்றார்.

அப்புறம் வைதேகி விளக்கினாள். சாதாரண கேமராவுக்கு மழைக்காலத்தில் மேகம்தான் தெரியும். இந்தப் படத்தை எடுத்தது சேட்டிலைட்டில் இருக்கிற ரேடார்; அது தன் டார்ச்சைத் தானே கொண்டுபோகிற ஆள். இருட்டும் மேகமும் அதற்குத் தடை இல்லை. ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பிடிக்கிறது. அமைதியான தண்ணீர் கண்ணாடி மாதிரி. சாய்வாக வரும் அலையை அந்தப் பக்கமே தள்ளிவிடும். எதுவும் திரும்பி வராத இடம் படத்தில் கறுப்பு.

"அதுல இன்னொரு விஷயம் இருக்கு, தாத்தா," என்று பால்கனியில் துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைப் பால்கனியின் நெட்டுக்குத்துக் கம்பிகளுக்கு நடுவே விட்டு என்னைப் பிடிக்கச் சொன்னாள். மேலும் கீழும் உதறினாள். அலை கம்பிகளுக்கு நடுவே என் கைவரை வந்தது. பக்கவாட்டில் உதறினாள், கம்பியில் தட்டி நின்றுவிட்டது. அலைக்கும் நிற்கிற வாகு, படுக்கிற வாகு என்று உண்டாம். இந்த ரேடார் இரண்டு வாகிலும் அனுப்பி, இரண்டு வாகிலும் வாங்கிக்கொள்ளும். எப்படிப் போனது, எப்படி வந்தது என்று பார்த்தால் எதில் பட்டது என்று ஊகிக்கலாம். இலையிலும் கிளையிலும் பட்டால் நிற்பதும் படுப்பதும் கலந்து வரும்; அதற்குப் பச்சை. வெறும் தரைக்கு நீலம். தரையில் பட்டுச் சுவரில் மோதித் திரும்பினால் சிவப்பு. காம்பவுண்டுக்குள்ளே பிள்ளைகள் அடிக்கிற பந்து தரையில் குத்திச் சுவரில் பட்டு அவர்கள் கைக்கே வருகிறதே, அது போல.

அந்தக் கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அங்கே ஒரு பம்ப்செட் ரூம் உண்டு. அதன் கூரையை நாங்கள் ஐந்து பேரும்தான் போட்டோம்.

"ரூம்தாம்மா அது. அவன் அது மேலதான் இருப்பான்."

"ஜல்தி வேண்டாம் தாத்தா. தண்ணில நிக்கற நாணலும் இப்படித்தான் சிவப்பா வரும். தண்டுதான் சுவர், தண்ணிதான் தரை."

பிறகு மே மாதத்துப் படத்தை எடுத்தாள். அப்போது அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. காய்ந்த தரையில் நாணல் பச்சையாகத்தான் தெரிந்தது. ஆனால் அதே இடத்தில் அதே சிவப்புப் புள்ளி, கொஞ்சம் மங்கலாக. "அப்ப ரூம்தான்னு தோணுது. ஆனா இதுல ஆள் தெரியாது, தாத்தா," என்றாள்.

அது போதும் எனக்கு. மறுநாள் காலை எட்டரைக்கு நானும் வைதேகியும் கிளம்பினோம். ஐ.என்.ஏ.விலிருந்து பிங்க் லைன் மெட்ரோ நேராக மயூர் விஹார் ஃபேஸ் ஒன் போகிறது, மாறவே வேண்டாம். டிக்கெட் முப்பது ரூபாய், அரை மணிக்குள் இறங்கிவிடலாம். நிஜாமுதீன் தாண்டி ரயில் ஆற்றின் மேல் போனபோது பெட்டியில் எல்லோரும் போனை நீட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டேஷனிலிருந்து கரைமேட்டுக்கு ஈ-ரிக்‌ஷா, ஆளுக்கு இருபது.

கரையில் ஒரு படகுக்காரர், ரமேஷ் பையா, அதாவது ரமேஷ் அண்ணன், என்று கூப்பிட்டார்கள். போனில் புள்ளியைக் காட்டினோம். நேற்றே அந்தப் பக்கம் போனேன், வெறும் நாணல்தான் என்று இந்தியில் சொல்லிவிட்டார். வைதேகி மே மாதப் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

நான் சொன்னேன்: "பையா, நாணலுக்குப் பின்னாடி ரூம் இருக்கு. மேல இன்னொரு மாடி வரும்னு நாலு மூலையிலயும் சரியாக் கம்பிய நீட்டி விட்டோம். மாடி வரல. கம்பி அப்படியே நிக்குது. அதைப் பிடிச்சா நொண்டியும் ஏறிடலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் வரணும்னு சொல்லாதே பாபா. ஒரு கிழவனைத் தேடப் போய் இன்னொருத்தனைத் தொலைக்க முடியாது." மோட்டாரை இழுத்துக் கிளப்பிவிட்டார்.

காத்திருந்த நேரத்தை நான் அளக்கவில்லை. வைதேகி என் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள். பாவம், நல்ல சுடிதார். "புள்ளி தப்பா இருந்தா என்னைத் திட்டாதீங்க தாத்தா," என்றாள். "வரச் சொன்னதே நான்தாம்மா," என்றேன்.

படகு திரும்பியபோது முதலில் ஆட்டின் கொம்பு தெரிந்தது. பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு கன்னியப்பன்.

கரைக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "என்னாடா, இவ்ளோ லேட்டு? மெட்ரோ நின்னு போச்சா?" என்றான். ஆட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

மழைக்கு மறைப்பாக ஒரு தகரத்தைக் கூரைக் கம்பியில் செங்குத்தாகக் கட்டியிருந்தானாம். வைதேகி அதைத் துருவித் துருவிக் கேட்டாள். மே மாதத்தைவிடப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது அந்தத் தகரத்தாலா, சுற்றி நின்ற தண்ணீராலா என்று இன்றுவரை தெரியவில்லை என்கிறாள். எனக்கு இரண்டுக்கும் நன்றிதான். ரமேஷ் பையா காசு வாங்கவில்லை. ஒரு டீ குடித்தார்.

போகிறவர்களுக்கு: ஆடி ஆவணியில் கரையோடு நில்லுங்கள். தை மாதம் போனால் படுகைக்குள் நடக்கலாம், முள்ளங்கி பிடுங்கிக் கையில் தருவார்கள். சேட்டிலைட் படத்தை நம்பிக் கிளம்பினால் ஒரே படத்தை நம்பாதீர்கள். வெள்ளத்துக்கு முந்தினதையும் கேளுங்கள். கறுப்பைப் பார்த்து என்னைப் போலச் சந்தோஷப்பட வேண்டாம்.

அந்த ரூம் இப்போதும் நிற்கிறது. கூரை போட்டவர்களில் சடையன் போய்விட்டான், ஏழுமலை போய்விட்டான், பச்சமுத்து போன பங்குனியில் போனான். என்னை விட்டால் இன்னும் இருக்கிறவன் கன்னியப்பன்.